கல்முனைக் கரையில் மூன்று நாட்கள்

மட்டக்களப்பு நகரினின்றும் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, இலங்கையின் ஏனைய தெருக்களைப் போன்றதன்று. இடப்புறம் வங்கக் கடல். வலப்புறம் நெடுந்தூரத்துக்கு வாவி. வாவி ஓய்ந்த இடத்திலே வயல். இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிட்டியில் ஊரோடு ஊர் ஒட்டி நிற்கிறது. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை அயலூரார் அறிந்துகொள்ள வேண்டுமாயின், கோபுரத்தையும் மினாராவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போவதே வழி. காத்தான்குடி முஸ்லிம் ஊர். அடுத்த ஆரையம்பதி தமிழூர். பின்னர் களுவாஞ்சிக்குடி, கல்லாறு எனத் தமிழூர்கள். பெரியநீலாவணை தமிழூர், மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு மீண்டும் தமிழூர். கல்முனையில் இரு சாராரும் உளர். அப்பால் சாய்ந்தமருது முஸ்லிம்களுக்கு, காரைதீவு தமிழருக்கு, நிந்தவூர் முஸ்லிம்களுக்கு. அக்கரைப்பற்றைத் தாண்டித் திருக்கோவில் வரையில் இந்த மாலை இவ்வாறே தொடுக்கப்பட்டிருக்கிறது. பேசும் மொழி மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றே.

ஆடி மாதத்துப் பூரணை வெள்ளிக்கிழமையில் வந்தமையால் மூன்று நாள் விடுமுறை வாய்த்தது. யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, விடியுமுன் மட்டக்களப்பை அடைந்து, அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவு தெற்கே வந்து மருதமுனையில் இறங்கினோம். நாமும் மனைவியாரும், உயர்தர வகுப்பில் படிக்கும் மகனும். பேராதனையில் எம்முடன் ஒருங்கு கற்ற நண்பர் ஒருவர், "ஒருமுறை குடும்பத்தோடு வாருங்கள்" என்று இருபது ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று வீசும் காலம். காலை ஏழு மணிக்கே மணல் சுடத் தொடங்கியிருந்தது.

நண்பரின் வீடு என்றோம். உண்மையில் அது அவர் வீடன்று, அவர் மனைவியாருடையது. இக்கரையில் மணமகன் பெண் வீட்டுக்கு வருவதே வழமை. மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் முதற் கடன். நண்பரின் தாயாரும் முதுமையில் மகள் வீட்டில் வாழ்கிறார். அது இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் இருக்கிறது. எம்மைக் காண்பதற்காகவே அதிகாலையில் வந்து அடுக்களையைக் கைப்பற்றியிருந்தார். நண்பரின் துணைவியாருக்கு அன்று அடுக்களையில் உரிமை இல்லாது போயிற்று!

"இரிங்க மகன். வெள்ளிக்கிழமைதானே, உங்களுக்கு மீன் இறைச்சி இல்லயெண்டு எனக்குத் தெரியும். புதுச் சட்டியிலதான் ஆக்கியிருக்கன்" என்றார்.

எவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆடி வெள்ளி என்றால் என்ன என்பதை அந்த எழுபது வயதுத் தாய் பாண்டிருப்பிலிருந்த தம் பள்ளித் தோழிகளிடமிருந்து அறிந்தவர். சம்பலுக்கு மாசி இடவில்லை. மாசி இல்லாத சம்பல் அவ்வீட்டில் அரைகுறைச் சம்பல் என்பது பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது.

காலை உணவு பிட்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில், கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் வாழ்வுக்குப் "பிட்டும் தேங்காய்ப் பூவும் போல" என்பது நெடுங்காலத்து உவமை. மேடைதோறும் ஒலித்து ஒலித்து அது இன்று நைந்துபோன உவமையுமாகும். யாழ்ப்பாணத்தில் நாம் மாவையும் தேங்காய்ப் பூவையும் ஒன்றாகக் கலந்து நீற்றுப்பெட்டியில் இட்டு அவிப்போம். உம்மா மூங்கிற் குழலில் அவித்தார். எம் மனைவியார் உதவி செய்யப் புகுந்து இரண்டையும் கலக்க முற்பட்டதும் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"கலக்கப்படா மகள். மாவு ஒரு பிடி, பூ ஒரு பிடி. ஆவி பட்டாத் தானா ஒட்டும்."

குழலினின்றும் தள்ளியபோது பிட்டு வெள்ளைக் கோடுகளிட்ட தூணாக நின்றது. மா மாவாகவும் பூ பூவாகவும் தனித்தனியே இருந்தன. ஆயினும் எடுத்தால் ஒன்றாகவே வந்தன. நாம் வந்த தெருவை நினைத்துக்கொண்டோம். மேடையில் அவ்வுவமையைக் கையாளுவோரிற் பலர் பிட்டு அவித்தறியாதவர் போலும். கலந்து ஒன்றாகிவிடுதல் அங்கு எக்காலத்திலும் நிகழ்ந்ததன்று. அடுத்தடுத்து இருத்தலே நிகழ்ந்தது. அதற்கும் அடியில் நெருப்பு அளவாக எரிய வேண்டும்.

நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் சாத்தப்பட்டன. அப்பொழுது சாப்பிட்டது கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, கீரை, இவற்றுடன் பாலாணம். எமது சொதிக்கு அவர்கள் வழங்கும் பெயர் இது. தமிழ் கற்பிப்போரின் காது இத்தகைய இடங்களில் நாவினும் விரைவாக விழித்துக்கொள்ளும். 'ஆணம்' என்பதற்குக் குழம்பு என்று அகராதி பொருள் கூறும். எம்மிடம் அகராதியில் உறங்கும் சொல் இங்கே அடுப்பில் கொதிக்கிறது. சமயச் சொற்களும் அவ்வாறே. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நல்ல தமிழிலேயே வழங்குகின்றனர்.

மாலையில் தறிகளைக் காணச் சென்றோம். மருதமுனைக் கைத்தறி நாடறிந்தது. ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்ட ஊர் என்பர். இப்பொழுது ஓசை வருமிடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலை ஏறினால் நெசவாளர் தாங்க வேண்டும். விசைத்தறிச் சாறம் பாதி விலைக்குக் கடையில் தொங்குகிறது. பள்ளத்தில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த ஒருவர், நாம் நின்ற கால் மணி நேரத்தில் தலை நிமிரவில்லை. பாவு நூல் ஒன்று அறுந்ததும் நிறுத்தி, முடிச்சிட்டு, மீண்டும் நெய்தார். மகன் ஒரு சாறமும் மனைவியார் ஒரு சேலையும் வாங்கினர். பேரம் பேச எமக்கு மனம் வரவில்லை.

இக்கரை தறிக்கு மட்டுமன்றிக் கவிதைக்கும் பேர்போனது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் இதே மருதமுனையைச் சேர்ந்தவர். அடுத்த ஊராகிய பெரியநீலாவணையில் 1931இல் பிறந்தவர் கவிஞர் நீலாவணன். இம்மண்ணின் உழவர் வாழ்க்கையைப் பாடிய அவருடைய 'வேளாண்மை' என்னும் காவியம், 1975இல் அவர் மறைந்தபின், 1982இல் நூலாயிற்று. கல்முனையில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் இளமையில் அந்த நீலாவணனின் வட்டத்தில் வளர்ந்து, கவிஞராகவும் மொழியியலறிஞராகவும் விளங்கியவர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அதுபற்றி எழுந்த கவிதைகளுள் எம்மூரார் என்றும் மறவாத 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர் அவரே. எம்மூரின் எரிந்த நூலகத்துக்காகக் கண்ணீர் விட்ட கவிதை இந்த மணலிலிருந்து வந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் கடற்கரை. கிழக்குக் கடல் இக்காலத்தில் சாது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றி, 'அம்பா' பாடிப் பின்வாங்கிப் பின்வாங்கி இழுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் கடலில் ஒன்றும் தெரியவில்லை. மகன் பொறுமை இழந்த வேளையில் மடி கரையேறியது. கீரியும் சூடையும் நெத்தலியும் வெள்ளிக் காசாகத் துள்ளின. அங்கேயே ஏலம், அங்கேயே பங்கு.

அந்தக் கரையிலேதான் நண்பர் தம் பழைய வீடு இருந்த இடத்தைக் காட்டினார். காட்டுவதற்கு ஒரு கிணற்றுக் கட்டின் வளையமே எஞ்சியிருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் ஆக அதிகமான உயிர்களைக் கொண்டது இந்த அம்பாறை மாவட்டத்திலேயே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கடலோரங்கள் சில நிமிடங்களில் வெறும் மணலாயின. நண்பரின் மூத்த சகோதரியும் அவருடைய இரு பிள்ளைகளும் அதில் மறைந்தனர். அவர் அதனை இரண்டு வாக்கியங்களிற் சொல்லி முடித்தார். நாம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பின்னர் அவர் கூறிய வேறொன்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கரையில் அழிந்த வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் சொத்து. தாய் மகளுக்குக் கொடுத்தது, மகள் தன் மகளுக்குக் கொடுக்கவிருந்தது. இவ்வழமை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. அயலூர்த் தமிழருக்கும் உரியது. இரு சாராரிடத்தும் 'குடி' என்னும் மரபு தாய் வழியாகவே இறங்குகிறது. கோவிலில் குடிவாரியாக வண்ணக்கர் பொறுப்பேற்பது போலவே, பள்ளிவாசலில் குடிவாரியாக மரைக்காயர் இருந்து வந்தனர். முக்குவருக்கும் திமிலருக்கும் நேர்ந்த போரில் முஸ்லிம் வணிகர் முக்குவருக்குத் துணைநின்று, இவ்வூர்ப் பெண்களை மணந்து நிலைத்தனர் என்று, 1962இல் அச்சேறிய 'மட்டக்களப்பு மான்மியம்' கதை கூறும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டியரசன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது வரலாறு. எவ்வழியாயினும், தாய்வழிக் குடிமுறையை இரு சமயத்தாரும் பகிர்ந்துகொண்டனர்.

ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்தது யாது? வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என முதலில் விதித்தனர், பின்னர் தளர்த்தினர். உள்ளே புதிய வீடுகளை அமைத்துக் கொடுத்தபோது, உறுதியைக் 'குடும்பத் தலைவர்' பெயருக்கு எழுதுவது அலுவலக வழக்கு. தலைவர் என்றால் அலுவலகத்துக்கு ஆண் என்று பொருள். இவ்வாறு நூற்றாண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கணவன் கைக்கு மாறியது. கடல் கொண்டதைக் காட்டிலும் இது சிறிது என்று கூறலாம். ஆனால் கடல் அறியாமற் செய்தது. உம்மா மட்டும் தம் மகளின் புதிய வீட்டுக்காகப் பத்து முறை அலுவலகம் சென்று, பெண்ணின் பெயரையும் சேர்த்தெழுதுவித்தாராம்.

அன்றைய பகலுணவு சஹனில். பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவே கோழிக் கறியும் இறாலும் கத்தரிக்காயும் வைத்து, அறுவர் சூழ அமர்ந்து உண்பது. கல்யாணங்களிலும் கந்தூரிகளிலும் இன்றும் இதுவே முறை. அவரவர்க்கு முன்னுள்ள பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். நடுவிலுள்ள கறியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. எம் பக்கத்தில் கறி குறையவே இல்லை. மாட்டிறைச்சி அந்த இரண்டு நாளும் அவ்வீட்டு அடுப்பேறவில்லை என்பதை நண்பரின் சின்ன மகள் பிறகு போட்டு உடைத்தாள். இறுதியில் வட்டிலாப்பம், அதன்பின் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், சீனியுடன். யாழ்ப்பாணத்தில் தயிர் என்று நாம் வாங்குவதைப் பற்றி இங்கு எழுதாதிருப்பதே நன்று.

மாலையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். பதினாறாம் நூற்றாண்டில் தமிழகத்து நாகூரில் வாழ்ந்த சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அமைந்தது. ஆண்டுதோறும் கொடியேற்றிப் பன்னிரண்டு நாள் விழா எடுக்கின்றனர். இந்துக்களும் நேர்த்தி வைத்து வரும் தலம். சற்று வடக்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவில்; பாரதக் கதையை நடத்திக்காட்டி, இறுதியில் தீமிதிக்கும் விழா இக்கரை முழுவதற்கும் பெருவிழா. கொடியேற்றத்துக்குப் பாண்டிருப்பிலிருந்தும், தீமிதிப்புக் கடைத்தெருவுக்கு மருதமுனையிலிருந்தும் பிள்ளைகள் போன காலத்தை உம்மா விவரித்தார். "இப்பவும் போறாங்க. ஆனாப் பொழுதுபட முன்னம் வந்திடுவாங்க" என்று முடித்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகள் உள்ளன. 1985இல் இரு சாராருக்குமிடையே மூண்ட கலவரம். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12இல் சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் துரத்தப்பட்டனர். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. யாழ்ப்பாணத்தினின்றும் வந்து ஒரு முஸ்லிம் வீட்டில் சஹனுக்கு முன் அமரும் எவரும் அதனை மறந்துவிட்டு அமர முடியாது. மகன் கேட்டான். பாடநூலில் அவன் படித்திராத ஆண்டு அது. நண்பரும் நாமும் மாறி மாறிச் சொன்னோம். காத்தான்குடியை நாம் சொன்னோம். வீரமுனையை அவர் சொன்னார். திட்டமிட்டுச் செய்ததன்று, அவ்வாறு அமைந்துவிட்டது.

கல்முனைக் கடைத்தெருவில் தேநீர் அருந்தியபோது இன்றைய வழக்கையும் கேட்டோம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தரமுயர்த்தப்பட வேண்டும் என்று தமிழர் 2019இல் உண்ணாவிரதம் இருந்தனர். முஸ்லிம்கள் எல்லையைக் காட்டி மறுக்கின்றனர். சாய்ந்தமருதார் தமக்குத் தனியே ஒரு சபை கேட்கின்றனர். அங்கே முஸ்லிம்களே இருபுறமும். இஞ்சித் தேநீர் ஆறும்வரை இரு மேசைகளில் இரு நியாயங்கள். இரண்டு மேசைக்கும் ஒரே பையனே பரிமாறினான்.

ஞாயிறு காலை தெற்கே புறப்பட்டோம். காரைதீவில் இறங்காமற் போவது தமிழ் ஆசிரியருக்குத் தகாது. விபுலானந்த அடிகள் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்த ஊர். கல்முனையிற் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். 1947 ஜூனில் 'யாழ் நூல்' அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார். அவர் நினைவு மண்டபத்துக்குச் சற்று அப்பால் கண்ணகை அம்மன் கோவில். சிலப்பதிகாரத்தைத் தமிழகம் ஏட்டிற் காத்தது என்றால், இக்கரை கோவிலிற் காத்தது. வைகாசியில் 'கண்ணகி வழக்குரை' படித்து, குளிர்த்திப் பாடி, அத்தாயின் சினத்தைத் தணிக்கின்றனர்.

நிந்தவூர் வழியே ஒலுவில். சிறுபோக அறுவடை முடிந்த வயல்கள். தெருவோரத்தில் நெல் காய்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் இங்கு வரை வருகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரினாற் கல்வி இழந்த மாணவருக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக எழுந்தது. அருகே 2013இல் திறந்த துறைமுகம். அலைதடுப்புச் சுவர் மணலின் நகர்வை மறிக்க, வாயில் மணலால் அடைபட்டது. அயற்கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு நீரிற் சாய்ந்து கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை, திரும்பினோம்.

மாலையில் பஸ் ஏறும்போது உம்மா இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று தயிர்ச் சட்டி. மற்றது புகையேறிக் கறுத்த மூங்கிற் குழல். தயிர் ஊர் வந்து சேரவில்லை. மகன் வழியிலேயே தீர்த்துவிட்டான். அடுத்த ஞாயிறு எம் வீட்டில் மனைவியார் குழலில் மாவையும் பூவையும் அடுக்கி அவித்தார். தள்ளியபோது பிட்டு பொலபொலவென்று உதிர்ந்தது. மருதமுனைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மா காய்ஞ்சிட்டு மகள். கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு, திருப்பிப் போடுங்க."

இரண்டாவது குழல் உடையாமல் வந்தது.